சுவெட்ஷொப்: வியர்த்தவர் யார், வியர்க்கவைத்தவர் யார்?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சிறிய மண்டபத்தில், ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பெண்களுக்காகத் தொழில் உரிமைக் கூட்டமொன்று நடந்தது. அதற்கான துண்டுப்பிரசுரத்தை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆங்கில மூலத்தில், சொற்பக் கூலிக்கு நீண்ட நேரம் வேலை வாங்கும் தொழிலிடத்தைக் குறிக்கும் ‘சுவெட்ஷொப்’ என்ற சொல் ஒன்பது இடங்களில் இருந்தது. அவசரத்தில் ஒன்பது இடத்திலும் ‘வியர்வைக் கடை’ என்று எழுதிவிட்டேன். முன்வரிசையில் இருந்த மூதூர்ப் பெண்ணொருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சேர், இது என்ன, குளிர்பானம் விற்கும் கூல் ஸ்பொட்டா?” என்று கேட்டார். மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் அடுத்ததையும் சொன்னார்: “நான் கட்டுநாயக்கவில் ஆறு வருடம் வேலை செய்தேன். எங்கள் தொழிற்சாலை முழுக்க ஏசி. ஒரு நாள்கூட வியர்த்ததில்லை.”

கடையும் போயிற்று, வியர்வையும் போயிற்று. வீட்டுக்கு வந்து அகராதிகளை எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் கடை. ஆங்கில ‘ஷொப்’புக்கு விற்கும் இடம் என்பதோடு செய்யும் இடம் என்ற பொருளும் உண்டு. வாகனம் பழுதானால் நாம் கொண்டுபோய் விடுகிற ‘வேர்க்ஷொப்’பில் இருப்பது அந்தப் பொருள்தான். தமிழில் கடை என்றால் மனம் உடனே கல்லாப்பெட்டியைத் தேடுகிறது. தையல் கடை, சலூன் கடை என்று வேலை நடக்கும் இடங்களையும் கடை என்கிறோமே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். உண்மைதான். ஆனால் அங்கேயும் வாடிக்கையாளர் உள்ளே வந்து நிற்கிறார். சுவெட்ஷொப்புக்குள் அவர் காலடி படுவதில்லை. பெரும்பாலும் கடல்கடந்து எங்கோ இருக்கிறார். கூடம், பட்டறை, தொழிற்கூடம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். கடையை இத்துடன் மூடிவிடலாம்.

வியர்வைதான் சிக்கலானது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். ‘வியர்த்தான்’ தன்வினை, ‘வியர்க்கவைத்தான்’ பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘சுவெட்’ என்ற ஒரே வடிவம். சுவெட்ஷொப்பில் இருப்பது பிறவினை. 1840களின் இலண்டனில் பெரிய துணிக்கடைகள் வெட்டிய துணியைத் தரகர்களிடம் மொத்தமாகக் கொடுத்தன. தரகர் தன் வீட்டு மாடியறையில் தையற்காரர்களை நெருக்கி உட்காரவைத்து, துண்டுக் கணக்கில் தைப்பித்தார். கடை கொடுத்த தொகையில் தையற்காரருக்குக் கொடுத்தது போக மிஞ்சியது அவருடைய இலாபம். ஊசி பிடித்தவருக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு தரகருக்குக் கூடியது. அந்தத் தரகருக்கு வழங்கிய பெயர் ‘சுவெட்டர்’. நுவரெலியாவுக்குப் போகும்போது நாம் பெட்டியில் வைக்கிற சுவெட்டரும் இதே சொல்தான்; உடுப்புக்கு அந்தப் பெயர் பிந்தியே வந்தது. வியர்வை சிந்தியவரின் பெயரன்று அது, சிந்தவைத்தவரின் பெயர். ‘சுவெட்ஷொப்’ என்ற கூட்டுச்சொல் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்த வேரிலிருந்துதான் முளைத்தது.

இந்த முறையை விசாரிக்க 1888இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை ஒரு குழுவை அமைத்தது. 1890இல் வந்த அதன் அறிக்கை மூன்று அடையாளங்களைச் சொன்னது: அளவுக்கு மீறிக் குறைந்த கூலி, அளவுக்கு மீறிய வேலை நேரம், வேலை நடக்கும் வீடுகளின் சுகாதாரக் கேடு. வெப்பத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மூதூர்ப் பெண்ணின் ஏசி எனக்கு அப்போதுதான் விளங்கியது. கழிப்பறைக்கு எழுந்து போனால் ‘டார்கெட்’ விழுந்துவிடும் என்று வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதாக அவர் பிறகு சொன்னார். வியர்ப்பதற்கு உடம்பில் நீர் வேண்டுமே.

இந்த முறைக்கு எதிராக எழுந்த கொதிப்பிலிருந்துதான் 1909இல் பிரித்தானியாவில் தொழில்வாரியாக ஆகக்குறைந்த கூலியை நிர்ணயிக்கும் சபைகள் சட்டமாகின. 1941இல் இலங்கையில் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஆகக்குறைந்த சம்பளம் வர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது மாதம் 10,000 ரூபாய், 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். திருகோணமலைச் சந்தையில் ஒரு மாதம் மீனும் காய்கறியும் வாங்கிப் பார்த்தவருக்கு அந்தத் தொகை எத்தனை நாள் வரும் என்று தெரியும்.

சொல்லை உலகம் மறக்காமல் வைத்திருந்ததற்குச் சாவுகளும் காரணம். 1911 மார்ச் 25 அன்று நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குடியேறி வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவொன்று பூட்டியிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புத் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. தைப்பவர்களை மட்டும் வரச்சொன்னார்கள். அதன் பிறகுதான் தொழிற்சங்கங்களும் உலக ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இலங்கையின் ஆடைத்துறை ‘குற்றவுணர்வற்ற ஆடைகள்’ என்று தன்னை விளம்பரப்படுத்தியதுண்டு. இங்குள்ள தொழிற்சாலைகள் பல நாடுகளைவிட மேல் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சொல் ஆராய்கிறவன் கேட்காமல் இருக்க முடியுமா: அந்தத் தொடரில் வரும் உணர்வு யாருடையது? வாங்குகிறவருடையது. தைக்கிறவர் அந்த இரண்டு சொல்லில் எங்கும் இல்லை.

இலண்டன் மாடியறையைத் தேடி அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. பாடசாலை தொடங்கும் ஜனவரிக்கு முன்பு நம் நகரத்திலேயே, வெட்டிய வெள்ளைத் துணிக்கட்டுகள் கடைகளிலிருந்து வீடுகளுக்குப் போகின்றன. சட்டைக்கு இவ்வளவு என்று பேச்சு. நூலும் மின்சாரமும் தைக்கிற பெண்ணின் செலவு. அந்தக் கணக்கை எந்த அதிகாரியும் வந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வியர்வைக்கூடம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழில் வியர்வை மானமுள்ள சொல். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு என்றால் நேர்மையான காசு. ஆகவே வியர்வைக்கூடம் என்பது தொழிற்சங்க மண்டபத்துக்கோ உடற்பயிற்சி நிலையத்துக்கோ வைக்கத்தக்க பெயர். ‘கொத்தடிமைக்கூடம்’ வேறு குற்றம். கொத்தடிமை கடனால் கட்டப்பட்டவர். இந்தியாவில் அதற்கென்றே 1976ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. சுவெட்ஷொப்பில் வேலை செய்பவர் நாளைக்கே விலகலாம், விலகினால் அடுப்பு எரியாது, அவ்வளவுதான். ‘சுரண்டல் தொழிற்கூடம்’ பிழையற்றது, செய்தித்தாளுக்குப் போதும். ஆனால் சுரண்டல் என்ற சொல் மேடைகளில் தேய்ந்துவிட்டது; நிலவுடைமைக்கும் வட்டிக்கும் அதே சொல்தான்.

எனக்குப் பிடித்தது ‘பிழிதல்’. வேலை வாங்கிக் கசக்கிப் பிழிகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் பிழியப்படுகிறவர் இருக்கிறார், பிழிகிற கை தெரிகிறது. தேங்காய்ப்பூவில் முதற்பால் எடுத்து, இரண்டாம் பால் எடுத்து, இன்னும் ஏதும் வருமா என்று மறுபடி தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த எவருக்கும் மேலதிக நேரத்தை விளக்க வேண்டியதில்லை. எனவே ‘பிழிகூடம்’ என்று ஒரு வினைத்தொகை செய்தேன். சங்கத் தமிழில் ‘பிழி’ என்றால் கள் என்ற பொருளும் உண்டு. பழந்தமிழ் படித்த யாராவது இதைத் தவறணை என்று நினைத்தால், கூல் ஸ்பொட்டுக்கு அது பரவாயில்லை.

வியர்வையை முற்றாகக் கைவிடவும் மனம் வரவில்லை. வியர்த்தலின் இன்னொரு வடிவம் ‘வேர்த்தல்’. பழந்தமிழில் அதற்குச் சினத்தல் என்றும் பொருள். திருக்குறள் 487இல் ‘புறம்வேரார்’, ‘உள்வேர்ப்பர்’ என்று வருகிறது. அறிவுடையோர் சட்டென்று வெளியே சினம் காட்டார், காலம் பார்த்து உள்ளே சினந்திருப்பர் என்பது கருத்து. ஆறு வருடம் வியர்க்காமல் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் நான் நிறைய வேர்த்திருக்கிறேன் சேர்” என்றார்.

பிறகு கைப்பையிலிருந்து பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்தார். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதும்போது பிழிகூடம் என்று போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சட்டத்தில் சுவெட்ஷொப்பும் இல்லை, பிழிகூடமும் இல்லை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் பங்கு 12 வீதம், அந்தப் பெண்ணின் பங்கு 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று மாதம் மாதமாக எழுதத் தொடங்கினோம். மூதூர்க் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.