புடைப்பை அடக்குவது எப்படி: வேக பாராசூட்டின் உள்கட்டமைப்பு

ஒரு தலையணை உறையை எடுத்து, அதன் திறந்த வாயைக் காற்றடிக்கும் பக்கம் காட்டிப் பிடித்துப் பாருங்கள். காற்று உள்ளே புகும்; வெளியே போக வழி இல்லாததால் உறை உப்பி நிற்கும். விரலால் அமுக்கினால் குழியும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். ஸ்கைடைவிங் செய்கிறவர்கள் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு இறங்கும் பாராசூட்டும் இதே சங்கதிதான். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் விலா எலும்புகளைப் போல வரிசையாக நிற்கும் தடுப்புத் துணிகள், முன்பக்கம் திறந்த வாய், பின்பக்கம் தைத்து மூடிய வால். கம்பியும் கிடையாது, குச்சியும் கிடையாது. பட்டங்களும் பலூன்களும் செய்துவந்த டொமினா ஜால்பெர்ட் 1964-ல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1966-ல் கிடைத்தது. பழைய வட்டப் பாராசூட் விழும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஜால்பெர்ட்டின் துணிக்கு இறக்கையின் குறுக்குவெட்டு இருந்ததால் அது முன்னோக்கிப் பறந்தது.

இந்த இறக்கையை விறைப்பாக நிறுத்தும் அழுத்தம் எவ்வளவு இருக்கும்? நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் 135 பாஸ்கல் வருகிறது. ஒரு பாத்திரத்தில் 14 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அடியில் இருக்கும் அழுத்தம் அது. முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பச் சரிபார்த்தேன். ஒரு ஆளின் உயிரைத் தாங்குகிற இறக்கைக்குள் விரல் அகலத் தண்ணீரின் அழுத்தம்தான் இருக்கிறது! ஆனால் வேகம் இரட்டித்தால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 40 மீட்டரில் 960 பாஸ்கல், கிட்டத்தட்ட ஏழு மடங்கு. வேகமாகப் போகப் போக இறக்கை இன்னும் விறைத்துக்கொள்கிறது.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் போட்டு இழுத்துத் தைத்த இடம் குழிந்திருக்கும், இடைப்பட்ட இடம் புடைத்திருக்கும். சாதாரண பாராசூட்டில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் கயிறு கட்டிய விலாத்துணி இருக்கும். நடுவில் கயிறு இல்லாத விலா ஒன்று. அது அறையை இரண்டு தடங்களாகப் பிரிப்பதால், ஒன்பது அறைப் பாராசூட் என்றால் உள்ளே 18 தடங்கள். கயிறு கட்டிய விலாவை ஆளின் எடை கீழே இழுத்துப் பிடிக்கிறது. கயிறு இல்லாத விலாவோ மேல்துணியோடு சேர்ந்து மேலே எழும்பிவிடுகிறது. எதிரிலிருந்து பார்த்தால் மேற்பரப்பு அலை அலையாகத் தெரியும். வடிவமைப்பாளர் வரைந்த குறுக்குவெட்டு விலா இருக்கும் கோட்டில் மட்டும்தான் உண்மையாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் புடைத்த வேறொரு வடிவம். புடைப்பு கூடினால் இறக்கையின் அகலம் சுருங்கும், காற்றுத்தடை ஏறும். தரையை ஒட்டி வேகமாகப் பாய்வதற்கென்றே செய்கிற வேக பாராசூட்டின் வடிவமைப்பில் பெரும்பகுதி இந்தப் புடைப்பை எதிர்த்த வேலைதான் என்பது என் கருத்து.

எல்லா விலாவுக்கும் கயிறு கட்டிவிட்டால் என்ன? புடைப்பு குறையும், ஆனால் கயிறுகளின் எண்ணிக்கை ஏறும். கயிறு பார்க்க மெலிசுதான். ஆனால் உருண்டையான பொருள் காற்றில் மிக மோசமாக இழுபடும். அதே தடையைத் தருகிற, காற்றுக்கு இசைவாக வடித்த பட்டை அதைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும். ஆகவே கயிறு கூட்டுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுபோல ஆகிவிடும்.

விடை சாய்வுத் துணியில் கிடைத்தது. கயிறு கட்டிய விலாவின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகத் துணிப் பட்டைகள் கிளம்பி, பக்கத்திலுள்ள கயிறில்லாத விலாக்களின் மேல்முனையைப் பிடித்துக்கொள்ளும். திறந்த வாய் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால், ஒருவர் இரண்டு கைகளையும் சாய்வாக உயர்த்திக் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருக்கும். உடம்பு விலா, கைகள் சாய்வுத் துணிகள். தாங்குவதற்குப் பதிலாகக் கூரை மேலே எழும்பாமல் இழுத்துப் பிடிக்கின்றன என்பது மட்டுமே வித்தியாசம். இதற்குக் கிராஸ்பிரேஸ் என்று பெயர். ஒவ்வொரு அறையும் இரண்டுக்குப் பதிலாக மூன்றாகப் பிரியும். ஏழு அறை இறக்கையில் 21 தடங்கள், ஒன்பதில் 27. கயிறைக் கூட்டாமலே மேற்பரப்பு பலகை போலத் தட்டையாகிறது.

அப்புறம் துணியே ஒரு பிரச்சினையாகிறது. ஒரு கைக்குட்டையை நூல் ஓடும் திசையில் இழுங்கள், அசையாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், நீளும். நெய்த நைலான் எல்லாமே இப்படித்தான். கிராஸ்பிரேஸில் விசை சாய்வாகத்தான் ஓடுகிறது. அதனால் இன்றைய பந்தயப் பாராசூட்டுகளில் உள்விலாக்களைப் பாய்மரத் துணியில் வெட்டுகிறார்கள். எந்த மூலையில் இழுத்தாலும் நீளாதபடி படலம் ஒட்டிய துணி அது. தொட்டால் காகிதம் போல மொடமொடக்கும், மடித்தால் பருமன் கூடும். வெளித்துணி சிலிக்கோன் பூசிய, காற்றே கசியாத நைலான். பையில் வைக்க மடிக்கும்போது புதுத்துணி கைக்கு அடங்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.

வாய்க்கும் இதே கவனம் தேவை. காற்று நேராக வந்து மோதி நிற்கும் புள்ளியில்தான் முழு அழுத்தமும் கிடைக்கும். இறக்கை மெதுவாகப் பறக்கும்போது அந்தப் புள்ளி மூக்கின், அதாவது முன்விளிம்பின், கீழ்ப்பக்கம் இறங்கும். பாய்ச்சலில் மேலே ஏறும். சாந்தமான பாராசூட்டுக்குப் பெரிய வாய், எந்தக் கோணத்திலும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். வேக பாராசூட்டுக்கு மூக்கின் பெரும்பகுதியை மூடிவிட்டு, வேகத்தில் அந்தப் புள்ளி நிற்கும் இடத்தில் சின்ன வாய் வைக்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் உருவமும் மாறியது. செவ்வகம் நீள்வட்டமானது, பின்னர், கிளைடர் விமானங்களில் வடிவமைப்பாளர் வில் ஷூமன் கையாண்டதைப் போல முன்விளிம்பு மட்டும் ஓரத்தில் பின்னோக்கி வளையும் வடிவமும் வந்தது.

வேகம் எங்கிருந்து வருகிறது? முதலில் பரப்பளவு. ஆளும் கருவியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 230 சதுர அடி இறக்கையில் சதுர அடிக்கு 0.39 கிலோ, 80 சதுர அடியில் 1.13 கிலோ. வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்பதால், அதே ஆள் ஏறத்தாழ 1.7 மடங்கு வேகத்தில் போவார். சிறிய இறக்கைக்குக் கயிறும் குட்டை. குட்டை ஊசல் சீக்கிரம் ஆடுவது போல அது சட்டென்று திரும்பும். 2014-ல் துபாயில் எர்னெஸ்டோ கைன்சா 35 சதுர அடிப் பாராசூட்டில் தரையிறங்கினார். ஒற்றைக் கட்டில் விரிப்பின் அளவுதான் இருக்கும்.

மீதி வேகத்தைப் பாய்ச்சல் தருகிறது. தரைக்குப் பல நூறு அடி மேலே இருக்கும்போதே ஒரு முக்கால் சுற்றோ அதற்கும் அதிகமாகவோ சுழன்று இறக்கையைச் செங்குத்தாகச் சரிய விடுகிறார்கள். சுழலும்போது ஆள் வெளிப்பக்கம் வீசப்படுவதால் இறக்கைக்குச் சுமை கூடுகிறது, சுமையால் வேகம் கூடுகிறது. வேக பாராசூட்டின் முன்கயிறுகளைச் சற்றுக் குட்டையாக வைத்து மூக்கைத் தாழ்த்தியிருப்பதால், அது பாய்ச்சலிலிருந்து தானாக நிமிர நீண்ட தூரம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் நிமிர்த்தி, சேர்த்த வேகத்தையெல்லாம் கிடைமட்டமாக மாற்றி, தண்ணீரைக் காலால் கீறிக்கொண்டு போவதுதான் ஸ்வூப். போட்டியில் 1.5 மீட்டர் உயர வாசல் குறிகளுக்கு நடுவே புகுந்து அங்கிருந்து தூரம் அளப்பார்கள். சிறந்தவர்கள் 200 மீட்டரைத் தாண்டியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீண்ட பாய்ச்சலுக்காகச் சேர்த்த இதே குணம்தான், தாழ்வாகத் திரும்பிவிட்டவரைக் காப்பாற்ற மறுக்கிறது. இறக்கை நிமிர இன்னும் உயரம் வேண்டும், உயரமோ தீர்ந்துபோயிருக்கும். எந்தக் கோளாறும் இல்லாத, முழுதாக விரிந்த பாராசூட்டின் கீழே ஸ்கைடைவர்கள் இறப்பது இப்படித்தான். அனுபவசாலிகளும் அதில் அடக்கம். அடுத்த சிறிய அளவுக்குப் போக அவசரப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியாகக் கயிறு. ஸ்பெக்ட்ரா என்ற கயிறு மெல்லியது, பலமானது. ஆனால் சூடு பட்டால் சுருங்கும். பாராசூட் விரியும்போது, விரிவை மெதுவாக்குவதற்காக ஸ்லைடர் என்ற துணிச் சதுரம் கயிறுகளின் மேல் உரசிக்கொண்டே இறங்கும். அந்த உரசலின் சூட்டில் ஓரக்கயிறுகளும், வாலைக் கீழே இழுக்கும் பிரேக் கயிறுகளும் அதிகம் சுருங்கும். சில அங்குலம் போதும், கவனமாக வடித்த இறக்கை கோணலாகிவிடும். அதனால்தான் வேக பாராசூட்டுகளுக்குச் சூட்டில் சுருங்காத வெக்ட்ரான், எச்.எம்.ஏ. கயிறுகளைப் போடுகிறார்கள். இவை சுருங்குவதில்லை, ஆனால் தேய்ந்து திடீரென்று அறும்; ஆகவே குதிப்புகளை எண்ணி, நேரத்தோடு மாற்ற வேண்டும். சுருக்கத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பிரேக் கைப்பிடிகளை முழுதாக மேலே விட்டுவிட்டுப் பறக்கும்போது அண்ணாந்து பாருங்கள். பிரேக் கயிறு காற்றில் பின்னால் வளைந்து தொங்கினால் சரி. விறைத்து நேராக நின்று, வாலின் ஓரம் கொஞ்சம் கீழே இழுபட்டிருந்தால், தரையிறங்கியதும் அளவு நாடாவை எடுக்க வேண்டியதுதான்.