ஐக்யூ 100: எதில் 100?

ஐக்யூ என்கிற அறிவுத்திறன் எண் 100 என்பது நூற்றுக்கு நூறு இல்லை. ஒரே வயதுப் பிள்ளைகளைத் திறன் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருக்குக் கிடைக்கும் எண் அது. அந்த ஓர் எண்ணை எட்டுவதற்குப் பின்னால் வியப்பூட்டும் அளவுக்குக் கறாரான நடைமுறை இருக்கிறது.

6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் சோதனையை எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. வகுப்பறைத் தேர்வு போலக் கூட்டமாக நடத்த முடியாது. மேசைக்கு இந்தப் பக்கம் உளவியலாளர், அந்தப் பக்கம் ஒரே ஒரு பிள்ளை. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள வடிவத்தைக் கொண்டுவருவது, கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்வது, சொற்களுக்குப் பொருள் சொல்வது என்று பல பகுதிகள். சிலவற்றுக்கு ஸ்டாப்வாட்ச் ஓடும்.

உளவியலாளர் பேச வேண்டிய வாக்கியங்கள்கூடக் கையேட்டில் அச்சாகியிருக்கும். எண்களை நொடிக்கு ஒன்றாக, ஒரே சீராக வாசிக்க வேண்டும். போன் நம்பர் சொல்வதுபோல மும்மூன்றாகச் சேர்த்துச் சொன்னால் மனதில் நிறுத்துவது எளிதாகிவிடும், மதிப்பெண்ணும் ஏறிவிடும். பதில் சரியா தப்பா என்று முகம்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ற கேள்வியில் தொடங்குவார்கள். அதிலேயே தடுமாறினால் பின்னோக்கிப் போய் எளிய கேள்விகளைக் கேட்பார்கள். தொடர்ந்து சில கேள்விகள் தவறினால் அந்தப் பகுதியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

திருத்துவதிலும் நுணுக்கம் உண்டு. ‘ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன ஒற்றுமை?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். (இது நான் இட்டுக்கட்டியது, உண்மையான கேள்விகளை வெளியில் சொல்வதில்லை, வெளியானால் சோதனையே வீண்.) ‘ரெண்டும் விலங்கு’ என்றால் 2 மதிப்பெண், ‘ரெண்டுக்கும் நாலு கால்’ என்றால் 1 என்ற ரீதியில் போகும்.

இப்படிச் சேரும் மதிப்பெண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. சொல் பகுதியில் 25 வாங்கிய ஏழு வயதுக்காரரும் பதினான்கு வயதுக்காரரும் ஒன்றல்லவே? அதனால் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2,200 பிள்ளைகளிடம் முன்கூட்டியே சோதனை நடத்தி, வயதை நான்கு நான்கு மாதங்களாகப் பிரித்துத் தயாரித்த அட்டவணை அது. ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணும் சராசரி 10 உள்ள அளவுகோலுக்கு மாறும். அவற்றில் ஏழின் கூட்டுத்தொகை, சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15 கொண்ட இறுதி எண்ணாகும். நூறில் ஏறக்குறைய 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். 130ஐத் தாண்டுவோர் இரண்டு பேர்தான்.

முன்பு கணக்கு வேறு. 1912இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை, அதாவது எந்த வயதினரின் சராசரித் திறன் ஒருவரிடம் இருக்கிறதோ அந்த வயதை, உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். வளர்ந்தவர்களிடம் இது எடுபடவில்லை: 20 வயதில் இருந்த மனத்திறன் 40 வயதில் இரட்டிப்பாவதில்லை; வகுத்தால் ஐக்யூ பாதியாகிவிடும்! 1939இல் டேவிட் வெக்ஸ்லர் வகுத்தலைக் கைவிட்டு, சம வயதினரோடு ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்.

ஆக, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைகளின் அட்டவணையை மதுரைப் பிள்ளைக்கு அப்படியே பொருத்துவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. பழைய அட்டவணையிலும் சிக்கல் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் ஐக்யூ சோதனைகளின் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறியதாக ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் காட்டினார். அப்படி ஏறிவரும் இடத்தில் முப்பது ஆண்டுப் பழைய அட்டவணையை வைத்துப் பார்த்தால் ஐக்யூ கூடுதலாகவே தெரியும்.

நல்ல அறிக்கை ஒற்றை எண்ணோடு நிற்காது. ஐக்யூ 68 என்றால், உண்மை எண் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்று அதைச் சுற்றி ஒரு வீச்சையும் சேர்த்துக் கொடுக்கும். அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவுசெய்வதற்கு அதுவும் போதாது. உடுத்துவது, காசு எண்ணுவது, தனியாகக் கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாடத் திறன்களையும் தனியே மதிப்பிட்டாக வேண்டும்.