விடுதலை வேறு, சுதந்திரம் வேறு

ஆகஸ்ட் 15 நெருங்கினால் ‘விடுதலை நாள் வாழ்த்துகள்’ வந்து குவியத் தொடங்கிவிடும். சுதந்திரம் வடசொல், விடுதலை தமிழ்ச்சொல், அதனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தமிழ்ச்சொல் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் இந்த மாற்றீட்டை ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல.

சுதந்திரம், வடமொழி ‘ஸ்வதந்த்ர’ என்பதிலிருந்து வந்தது. ஸ்வ என்றால் தன். தந்த்ர என்றால் நெறி, நடத்தும் முறை. தன் நெறியைத் தானே வகுத்து நடப்பது. எதிர்ச்சொல் பரதந்திரம், அதாவது பிறர் வசப்பட்டிருப்பது. தமிழ்நாட்டு ஊர்களில் இதற்கு இன்னொரு பொருளும் இருந்தது: மிராசுதார்களும் ஊர்ப் பணியாளர்களும் விளைச்சலில் வழக்கமாகப் பெற்றுவந்த பங்கைச் சுதந்திரம் என்றே சொன்னார்கள். உரிமை என்ற சாயல் அப்போதே சொல்லுக்குள் வந்துவிட்டது.

விடுதலை, விடு என்ற வினையில் பிறந்தது. வீடுபேறு என்பதில் உள்ள வீடும் அதே வேர்தான். கட்டிலிருந்து நீங்குவது என்று பொருள். ‘தளை’யை நினைத்து விடுதளை என்று எழுதுபவர்களும் உண்டு, அது பிழை.

விடுதலை என்றால் முன்னால் ஒரு கட்டு இருந்திருக்க வேண்டும். அது நீங்கியபின் யார் ஆள்கிறார்கள் என்பதை அந்தச் சொல் சொல்லாது. சுதந்திரம் சொல்வது அதைத்தான்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது. அந்த நவம்பர் 1 அன்று புதுச்சேரி தனி நாடாகவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நீங்கி இந்தியாவில் சேர்ந்தது. அதனால்தான் அங்கே அது விடுதலை நாள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். இரண்டு நாளும் அங்கே கொடியேற்றுகிறார்கள். ஆகஸ்ட் 15-ஐயும் விடுதலை நாள் என்று ஆக்கிவிட்டால், காரைக்காலில் உள்ள ஒரு பள்ளிப் பிள்ளைக்கு எது எந்த நாள் என்று எப்படிச் சொல்வீர்கள்? கோவாவுக்கும் இதே கதைதான். 1961 டிசம்பர் 19 அங்கே விடுதலை நாள்.

வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் மறுபக்கம் சறுக்குகிறார்கள். நெதர்லாந்து மே 5-ஐக் கொண்டாடுவது 1945-இல் நாஜி ஆக்கிரமிப்பு நீங்கியதற்காக. அந்த நாடு அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாகத் தனி நாடு. அதைப் போய் ‘நெதர்லாந்து சுதந்திர தினம்’ என்று எழுதினால் வரலாறே தலைகீழாகிறது. அமெரிக்காவின் ஜூலை 4 ‘விடுதலை நாள்’ ஆவதும் இப்படித்தான். 1776-இல் அவர்கள் அன்று செய்தது, நாங்கள் இனித் தனி நாடுகள் என்று அறிவித்ததுதான். போர் அதன்பிறகும் பல ஆண்டுகள் நடந்தது.

‘விடுதலைப் போராட்டம் என்று சொல்கிறோமே, அப்புறம் விடுதலை நாள் என்றால் என்ன தவறு?’ என்று கேட்பார்கள். போராட்டம் கட்டை அறுப்பதற்கு நடந்தது, ஆகவே அந்தப் பெயர் அதற்குப் பொருந்தும். போராடியவர்களோ கட்டு அறுவதோடு நிற்கவில்லை. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் கேட்டது பூரண சுயராஜ்யம். 1930 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 26-ஐச் சுதந்திர நாளாகக் கொண்டாடினார்கள். அந்தத் தேதியை விட மனமில்லாமல்தான் 1950-இல் அரசியலமைப்பை அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1947-இல் வெளியேறியது பிரிட்டிஷ் ஆட்சி. மன்னரின் இடம் ஏட்டளவில் 1950 வரை இருந்தது. இவ்வளவையும் ‘விடுதலை’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால், நம்மை நாமே ஆள வேண்டும் என்று கேட்ட பகுதி காணாமல் போகிறது.

சரி, சுதந்திரத்துக்குத் தமிழே இல்லையா? உண்டு. இறைவனை ‘எண்குணத்தான்’ என்று சொல்லும் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், அவனுடைய எட்டுக் குணங்களில் முதலாவதாகத் ‘தன்வயத்தன் ஆதல்’ என்பதை வைக்கிறார். வடமொழிச் சைவ நூல்கள் சொல்லும் ஸ்வதந்த்ரம் அதுதான். தன்வயம்: இவ்வளவு துல்லியமான சொல் வேறில்லை. தன்னாட்சி என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அது தன்னாட்சிக் கல்லூரி, மாநிலத் தன்னாட்சி என்று மேலே ஒரு அதிகாரம் இருக்கும்போதே நடக்கும் ஆட்சிக்குப் போய்விட்டது. தூய்மை வேண்டும் என்பவர்கள் ‘தன்வய நாள்’ என்று எழுதட்டும், நான் கைதட்டுவேன். அது பழகும்வரை சுதந்திர தினம் என்றே இருக்கட்டும். ஏற்கெனவே விடுதலைக்குச் சுமை அதிகம். ‘வழக்கில் விடுதலை’ என்று தலைப்பு வந்தால், அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பா, ஜாமீனில் வெளியே வந்தாரா, தண்டனை முடிந்து வந்தாரா என்று செய்தி முழுவதையும் படித்தால்தான் தெரிகிறது. ‘ஜாமீனில் வந்தார்’ என்று எழுதச் சில எழுத்து கூடுதலாகச் செலவானால் என்ன?