தோல் அரிப்பா, தோல் அரிமானமா?

ஒரு சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா பீப்பாயின் மேல் ஒட்டியிருந்த தமிழ்ச் சீட்டில் "தோல் அரிப்பை ஏற்படுத்தும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்றே இருந்தேன். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்திருப்பார். கரோஷன் (corrosion) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அரிப்பு என்று இருந்திருக்கும், போட்டுவிட்டார். ஆனால் அதைப் படிக்கிற தொழிலாளி என்ன நினைப்பார்? வேர்க்குரு மாதிரி, கொசுக்கடி மாதிரி, கொஞ்சம் சொறிந்தால் அடங்கிவிடும் என்றுதானே. உள்ளே இருப்பதோ மூன்று நிமிடம் தோலில் பட்டிருந்தாலே உள்தோல் வரைக்கும் வேகவைத்துவிடக்கூடிய கரைசல்.

சிக்கல் 'அரி' என்ற வினையில் இருக்கிறது. கை அரிக்கிறது என்றால் நமைச்சல். கரையான் கதவை அரித்துவிட்டது என்றால் தின்று தீர்த்துவிட்டது. ஆற்று வெள்ளம் கரையை அரிக்கிறது, பையன் காசு கேட்டு அம்மாவை அரிக்கிறான், இப்படி ஒரே சொல்லில் தின்பதும் நச்சரிப்பதும் சொறியத் தூண்டுவதும் அடங்கிவிடுகின்றன. பேச்சில் இது அழகுதான். வேதிப்பொருள் பாதுகாப்பில் தின்பதையும் சொறியத் தூண்டுவதையும்தான் பிரித்தே ஆக வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு கரோஷன், இரிட்டேஷன் (irritation) என்று இரண்டு தனித்தனிச் சொற்கள், இரண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை. கரோஷனுக்கு அடி 'ரோடெரே', கொறிப்பது, கடித்துத் தின்பது. எலி, அணில் வகைகளை ரோடென்ட் என்பதும் இதே வேரிலிருந்துதான். இரிட்டேஷனுக்கு அடி 'இரிட்டாரே', தூண்டிவிடுவது, கோபப்படுத்துவது, நம் மொழியில் சொன்னால் சீண்டுவது. ஒன்று தோலைத் தின்கிறது, இன்னொன்று தோலைச் சீண்டுகிறது. சீண்டப்பட்ட தோல் சிவக்கும், வீங்கும், சில நாளில் பழையபடி ஆகிவிடும். தின்னப்பட்ட தோல் செத்துப்போகிறது, புண்ணாகி, பொருக்குத் தட்டி, ஆறினாலும் தழும்பு இருக்கும். மீளுமா மீளாதா, இந்த ஒரு கேள்விதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு ஐ.நா. 2003-இல் முதன்முதலாக வெளியிட்ட ஜி.எச்.எஸ். என்ற உலகப் பொது வகைப்பாட்டில் கணக்கு இருக்கிறது. பொருள் தோலில் நான்கு மணி நேரம் வரை பட்டிருந்து, மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை திசு செத்துப்போனால் வகை 1. அதிலும் மூன்று நிமிடத்துக்குள் நடந்தால் 1ஏ, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1பி, நான்கு மணி நேரத்துக்குள் என்றால் 1சி. மீளக்கூடிய சிவப்பும் வீக்கமும் மட்டும் என்றால் வகை 2. ஒரே பொருளே வகை மாறும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் காஸ்டிக் சோடா 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1ஏ, 2 முதல் 5 வரை 1பி, அரை சதவீதத்திலிருந்து 2 வரைக்கும் வெறும் எரிச்சல் வகை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறவர்களுக்கு இது புரியும். அளவாக இருந்தால் சுருக்கென்று காரம், கூடிவிட்டால் வாய் வெந்துவிடும்.

இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? நீண்ட காலமாக முயலின் முதுகில்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸ் 1944-இல் தன் சகாக்களோடு வெளியிட்ட முறை அது. முடியை மழித்து, அரை மில்லிலிட்டர் பொருளைச் சின்னத் துணித்துண்டில் வைத்து நான்கு மணி நேரம் கட்டிவைப்பது, பிறகு மூன்று நாளுக்குச் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் தனித்தனியாக 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது என்பதாகப் பிறகு அது ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் சோதனை வழிகாட்டியில் நிலைபெற்றது. அந்த முயலின் வேதனையைத் தவிர்க்க முடியும் என்று தெரிந்த பிறகும் அதையே முதலில் செய்வது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நல்லவேளையாக இன்றைய வழிகாட்டியும் விலங்கைக் கடைசிப் படியில்தான் வைக்கிறது. முதலில் ஏற்கனவே தெரிந்த விவரங்கள், அப்புறம் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு (2 அல்லது அதற்குக் கீழ், 11.5 அல்லது அதற்கு மேல் என்றாலே சந்தேகப்பட வேண்டியதுதான்), அப்புறம் ஆய்வகத்தில் வளர்த்த தோல்.

இந்த வளர்த்த தோல் அருமையான விஷயம். மனிதத் தோல் செல்களை ஒரு மெல்லிய சவ்வின் மேல், அடியில் ஊட்டக்கரைசலும் மேலே காற்றுமாக வளர்க்கிறார்கள். காற்றுப் பட்ட பக்கம் நம் தோலைப் போலவே காய்ந்த மேலடுக்கு உருவாகிவிடும். அதன் மேல் பொருளை வைத்து, குறித்த நேரத்தில் கழுவிவிட்டு, எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைக் கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கும் செல் மட்டும் மஞ்சளை ஊதாவாக மாற்றும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். எரிச்சலுக்கான சோதனையில் பாதியோ அதற்கும் குறைவோதான் பிழைத்திருந்தால் அந்தப் பொருள் தோலைச் சீண்டக்கூடியது என்று கணக்கு. அரிமானத்துக்கான சோதனை 2004-இலும் எரிச்சலுக்கானது 2010-இலும் ஓ.இ.சி.டி. வழிகாட்டிகளாயின.

சரி, தமிழில் என்ன சொல்வது? இரும்புக்கு 'அரிமானம்' நன்றாகவே நிலைத்துவிட்டது. தேய்மானம், கட்டுமானம் போல அமைந்த சொல், நமைச்சலோடு குழம்பாது. ஆய்வறிக்கையிலோ பாடப்புத்தகத்திலோ 'தோல் அரிமானம்' என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. இரிட்டேஷனுக்கு 'எரிச்சல்' எல்லோருக்கும் தெரிந்த சொல், அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் எரிச்சல் என்பது நமக்குத் தெரியும் உணர்வு, சோதனையில் அளப்பதோ சிவப்பையும் வீக்கத்தையும் செல்லின் சாவையும். எரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. ஈர சிமெண்டின் பி.எச். 12-க்கு மேல். அதில் மணிக்கணக்காக மண்டியிட்டுப் பூசும் கொத்தனாருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமலே இருக்கும், சாயங்காலம் பார்த்தால் முட்டியில் தோல் வெந்திருக்கும். அமிலம் பட்டால் சதை பெரும்பாலும் உறைந்து ஒரு தடுப்புப் போல நிற்கும். காஸ்டிக், சிமெண்ட் போன்ற காரப்பொருளோ கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காஸ்டிக் பட்ட விரல் வழவழவென்று இருப்பது அதனால்தான், அந்த வழவழப்பில் நம் தோலின் கொழுப்பும் இருக்கிறது. (ஒவ்வாமை மூன்றாவது கதை. சிமெண்டில் உள்ள குரோமியத்தால் வரும் சொறி அந்த வகை, இதோடு சேர்க்கக் கூடாது.)

பீப்பாய்ச் சீட்டுக்கு மட்டும் 'அரிமானம்' போதாது. ஜி.எச்.எஸ். தரும் எச் 314 என்ற எச்சரிக்கை வாக்கியத்தைப் பாருங்கள், ஆங்கில மூலத்திலேயே கரோஷன் என்ற சொல் கிடையாது. தோலில் கடுமையான தீப்புண் போன்ற காயமும் கண்ணுக்குச் சேதமும் உண்டாகும் என்றுதான் இருக்கிறது. நம்மிடம் அதற்கு 'வெந்துபோகும்' என்ற சொல் தயாராக இருக்கிறது, ஆசிட் பட்டு கை வெந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சீட்டை மாற்ற என்னைக் கேட்டபோது இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: "பட்டால் தோல் வெந்துபோகும், கண் பறிபோகலாம். எரியாவிட்டாலும், வழவழப்பாகத் தெரிந்தாலே உடனே துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவவும்."