உயர்குடியாக்கம் அல்ல, மேட்டுக்குடியேற்றம்

ஏழைகளின் பேட்டைக்குள் வசதியானவர்கள் குடிவந்து, பழையவர்கள் வெளியேற நேர்வதை ஆங்கிலத்தில் ஜென்ட்ரிஃபிகேஷன் என்பார்கள். அந்தச் சொல் வந்தாலே நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘உயர்குடியாக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ‘நகர மேம்பாடு’ என்கிறார்கள். முன்னது பிழை. பின்னது வீட்டுத் தரகரின் துண்டறிக்கை.

பிறப்பை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘ஜென்ஸ்’ என்றால் குலம், குடி. அதிலிருந்து நற்குடியில் பிறந்தவர் என்ற பொருளில் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று வந்தது. அது ஆங்கிலத்துக்குப் போய் ‘ஜென்ட்ரி’ ஆனது. பிரபுப் பட்டம் இல்லாத, ஆனால் நிலபுலன் உள்ள கூட்டத்தைக் குறிக்க அது வழங்கியது. அதில் ‘ஃபிகேஷன்’ என்ற வாலை ஒட்டி 1964இல் அச்சேற்றியவர் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர். பெர்லினில் பிறந்து லண்டனுக்குக் குடிவந்தவர். அதற்கு நான்கு வருடம் முன்பே லண்டனில் குடியேறிய மேற்கிந்தியத் தீவினரைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருந்தார்.

அவர் சொன்னது இதுதான். லண்டனின் தொழிலாளர் பேட்டைகளுக்குள் நடுத்தர வர்க்கம் ஒவ்வொன்றாக நுழைகிறது. குத்தகை முடிந்த சிறு வீடுகள் கைமாறி, விலை கூடிய வீடுகளாகின்றன. அறைக்கு ஒரு குடும்பம் என்று கிடந்த பெரிய விக்டோரியா கால வீடுகள் மறுபடி சீர்செய்யப்படுகின்றன. இது தொடங்கிவிட்டால், முன்பு இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேறி, பேட்டையின் குணமே மாறும்வரை வேகமாக நடக்கும். சென்னைக்காரருக்கு ஒரே வரியில் சொல்வதானால், ஒண்டுக்குடித்தனம் மறுபடி தனிவீடாகிறது. அந்த ஒண்டுக்குடித்தனக்காரர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் கேள்வி.

‘உயர்குடியாக்கம்’ அந்தக் கேள்வியைத்தான் விழுங்கிவிடுகிறது. தமிழில் ‘ஆக்கம்’ என்று முடிந்தால், எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதுவே வேறொன்றாக மாறுகிறது என்று பொருள். பேருந்தை நாட்டுடைமையாக்கினால் அதே பேருந்துதான் ஓடும், உடைமை மட்டும் மாறும். அப்படியானால் உயர்குடியாக்கத்தில் உயர்குடி ஆவது யார்? படிப்பவர் மனதில் நெசவாளி மகன் டாக்டராகி மாடி கட்டும் காட்சிதான் எழும். சமஸ்கிருதமயமாதலை ‘மேல்நிலையாக்கம்’ என்று எழுதுவோர் உண்டு. அந்தச் சொல்லோடும் இது குழம்பும். உண்மையில் இங்கே யாரும் உயர்வதில்லை. ஒருவர் போகிறார், இன்னொருவர் வருகிறார். வீட்டுச் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

‘உயர்குடி’யும் சரியில்லை. ‘உயர்குடிப் பிறப்பு’ என்று பழகிய காதுக்கு அது சாதி வாடை அடிக்கும் சொல். லண்டன் பேட்டைகளுக்குள் நுழைந்தவர்களோ கட்டடக் கலைஞர்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள். அவர்களைக் கிளாஸ் ‘ஜென்ட்ரி’ என்றது கிண்டலாக. அந்தக் கிண்டல் தமிழில் ‘மேட்டுக்குடி’யில் இருக்கிறது, அதைச் சொல்லும்போதே உதடு கொஞ்சம் சுழிக்கும். உயர்குடியைச் சொன்னால் கும்பிடத் தோன்றும்.

எனவே ‘மேட்டுக்குடியேற்றம்’. மேட்டுக்குடி வந்து ஏறுவது, மேட்டிலிருந்து வரும் குடியேற்றம் என்று இரண்டு விதமாகப் பிரித்தாலும் பொருள் கெடாது. இதன் பலம் திசையைச் சொல்வது. அந்தத் திசை ஏன் முக்கியம் என்பதற்கு கிழக்கு லண்டனின் பிரிக் லேன் தெருவை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பிரிக் லேனும் ஃபூர்னியே தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு கட்டடம் நிற்கிறது. பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனோ சமூகத்தார் 1743இல் கட்டிய தேவாலயம் அது. பிறகு மெதடிஸ்ட் ஆலயமானது. 1898இல் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் ஜெபக்கூடமானது. 1976இல் வங்காளிகளின் பள்ளிவாசலானது, இன்றும் அப்படியே இருக்கிறது. இந்த மாற்றங்களை ஜென்ட்ரிஃபிகேஷன் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. யூதர்களில் கையில் காசு சேர்ந்தவர்கள் கோல்டர்ஸ் கிரீன், ஹென்டன் பக்கம் போனார்கள். காலியான அறைகளுக்கு அவர்களை விட ஏழைகளான, வங்காளதேசத்துச் சில்ஹெட்காரர்கள் வந்தார்கள். பள்ளத்திலிருந்து வந்த குடியேற்றம் அது. வாடகை குறைவு என்பதால் வந்தார்கள், வந்து அந்தத் தெருவுக்கே ‘பங்களாடவுன்’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்து வந்த மாற்றம் வேறு வகை. 1720களில் கட்டப்பட்ட அந்த வட்டாரத்து வீடுகளின் உச்சி மாடியில் அகலமான ஜன்னல்கள் இருக்கும், தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. 1970களில் அந்த மாடிகளில் வங்காளிகளின் தையல் பட்டறைகள் இருந்தன. பழங்கட்டடங்களைக் காக்க 1977இல் ஒரு அறக்கட்டளை அமைந்து, இடிக்க வந்தவர்களைத் தடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் மீட்ட வீடுகள் ‘ஜார்ஜிய கால இல்லங்கள்’ ஆனதும் தையல் இயந்திரங்களுக்கு அங்கே இடமில்லை. அங்கிருந்த ட்ரூமன் பீர் ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. காய்கறி மொத்தச் சந்தை 1991இல் லேட்டனுக்குப் போனது. பக்கத்திலேயே நிதி நகரம். இருக்கிற வாடகைக்கும் வாங்கக்கூடிய வாடகைக்கும் நடுவே இடைவெளி விரிந்தது. புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் ‘வாடகை இடைவெளி’ என்று விளக்கியது இதைத்தான். அந்த இடைவெளி போதுமான அளவு பெருத்ததும் பணம் உள்ளே வரும். அதற்கு முன்பே பிரிட்டனின் 1957ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இப்படியொரு இடைவெளியைத் திறந்ததுதான். குடியிருப்பவர் காலி செய்தால் வீட்டுக்கு வாடகைக் கட்டுப்பாடு போய்விடும் என்றது. காலி செய்யவைப்பதே லாபம் என்றானால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

2000களின் நடுவில் பிரிக் லேனில் 60 கறி உணவகங்கள் இருந்தன. 2020இல் 23. வாடகையும் வரியும் மட்டும் காரணமில்லை. வங்காளதேசத்திலிருந்து சமையல்காரரை வரவழைக்கும் விசா விதிகளும் இறுகின, அடுத்த தலைமுறை அடுப்படிக்கு வரவில்லை. கீழிருந்து வரும் வழி அடைபட்டது, மேட்டிலிருந்து வரும் வழி திறந்தே கிடந்தது. ‘நகர மேம்பாடு’ என்று எழுதுபவர் இதில் எந்தப் பாதியைச் சொல்கிறார்?

ஜென்ட்ரிஃபிகேஷன் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் வரும் வேறு சொற்களும் எரிச்சலூட்டுகின்றன. நெய்பர்ஹுட் என்பதைச் ‘சுற்றுப்புறம்’ என்கிறார்கள். சுற்றுப்புறம் தூய்மை பேண, மனிதர் வாழ்வது பேட்டையில். இமிக்ரண்ட் என்பவரை ‘வந்தேறி’ ஆக்குகிறார்கள். அது வசைச் சொல் என்பது கூடவா தெரியாது? இலங்கை அரசு பல காலமாக ‘குடிவரவு, குடியகல்வு’ என்று திணைக்களப் பெயரிலேயே அழகாக எழுதுகிறது. எடுத்துக்கொள்ளலாம். அதே இலங்கையில் ‘குடியேற்றத் திட்டம்’ என்றால் அரசு நிலம் பிடித்து ஆட்களை அமர்த்துவது என்றும் பொருள்படும். ஆகவே அங்குள்ளவர்களுக்காக எழுதுகையில் ‘மேட்டு’ என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது.

வினையாக ‘மேட்டுக்குடியேறியது’ என்று எழுதினால் இடறும். ‘பேட்டை மேட்டுக்குடியேற்றத்துக்கு உள்ளானது’ என்பது பரவாயில்லை. வந்தவர்களை மேட்டுக்குடியேறிகள் எனலாம். இன்னொன்று, கூவக்கரைக் குடிசைகளைப் பிடுங்கி மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பியதை இந்தச் சொல்லால் எழுத வேண்டாம். அங்கே காலி செய்யவைத்தது வாடகை இல்லை, புல்டோசர். அதற்கு ‘வெளியேற்றம்’ என்ற பழைய சொல்லே இருக்கிறது.