பையை முதுகிலிருந்து இறக்குங்கள்

சிங்கப்பூரில் சைக்கிளில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் பயப்படுவது மழைக்கு. ஆனால் நாள்தோறும் நம் சட்டையை நனைப்பது வியர்வைதான். அதன் போக்கைப் புரிந்துகொண்டால், எதை எங்கே வைத்துக் கொண்டுபோவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால்வாசிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதி முழுவதும் வெப்பம். பெடலில் 100 வாட் கொடுத்தால் உடலில் 300 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வியர்வை மட்டுமே அத்தனை சூட்டையும் தணிக்க வேண்டுமென்றால், அரைமணி நேரப் பயணத்துக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் ஆவியாக வேண்டும்.

ஆவியானால்தான் குளிர்ச்சி, சொட்டி வழிந்தால் பயனில்லை. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அந்தக் காற்று மேலும் நீராவியை ஏற்கத் தயங்கும். அப்போது கைகொடுப்பது சைக்கிள் ஓடும்போது நம்மேல் வீசும் காற்று. தோலை ஒட்டியிருக்கும் ஈரக்காற்றை அது ஓயாமல் விலக்குகிறது. முதுகில் பை மாட்டினால் அந்தக் காற்று அங்கே நுழைவதில்லை. அலுவலகத்தில் இறங்கும்போது பட்டையாக நனைந்திருக்கும் முதுகுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் செலவு பின்பக்கக் கேரியருக்கும், அதன் பக்கவாட்டில் தொங்கும் பானியர் பைக்கும்தான். விலையுயர்ந்த உடையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கனமான பொருள்களை அடியில் வையுங்கள். எடை தாழ்வாக இருந்தால் சைக்கிள் குறைவாகவே ஆடும். குதிகால் பையில் இடிக்காதபடி சற்றுப் பின்தள்ளி மாட்டவும்.

அலுவலகச் சட்டையைத் தனியாகச் சுருட்டி, நீர் புகாத உறையில் வைப்பது அவசியம். பருத்தி இழைகளிலுள்ள செல்லுலோஸ் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துவைத்திருக்கின்றன. ஈரம் பட்டால் அவை தளரும். காயும்போது, துணி எப்படி மடிந்திருக்கிறதோ அப்படியே மறுபடி பிணையும். நீராவி இஸ்திரி சுருக்கத்தை எடுப்பதும் இதே வழியில்தான். ஈரத்துண்டோடு சேர்த்துத் திணித்த சட்டை கசங்கி வருவதில் வியப்பில்லை. சுருட்டினால் கூர்மையான மடிப்பே விழாது.

போய்ச் சேர்ந்ததும் உடனே சட்டை மாற்றாதீர்கள். சைக்கிள் நின்றால் காற்றும் நின்றுவிடும், உள்ளே தேங்கிய சூடோ இன்னும் தணிந்திருக்காது. அதனால்தான் இறங்கிய பிறகு வியர்வை கொட்டுகிறது. கடைசிக் கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, பத்து நிமிடம் மின்விசிறி முன் நின்றுவிட்டு மாற்றலாம். புது வியர்வைக்கு வாடை மிகக் குறைவு. அக்குளில் உள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாறும். ஈரத்துண்டால் துடைத்தாலே பெருமளவு போய்விடும்.

மழைச்சட்டை போட்டால் அதற்குள்ளும் வியர்க்கும், தவிர்க்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலில் இடிமழையோடு வீசும் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். இடியும் மின்னலும் இருந்தால் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒதுங்கிக் காத்திருப்பதே நல்லது.

விளக்கை மறக்க வேண்டாம். இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சாலையில் ஓட்டினால் தலைக்கவசமும் கட்டாயம். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: மடித்தபின் 120 x 70 x 40 செ.மீ. அளவுக்குள் அடங்கினால், மழை நாளில் அதை எம்ஆர்டி ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு வீடு திரும்பலாம்.