அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன்

தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலைகளில், அனுய் ஆற்றங்கரையில் ஒரு குகை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் டெனிஸ் என்றொரு துறவி தங்கியிருந்ததால் அதற்கு டெனிசோவா குகை என்று பெயர். அவருக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கழுதைப்புலிகளின் ராஜ்ஜியம். கிடைத்ததையெல்லாம் கடித்து நொறுக்கிவிட்டுப் போயிருக்கின்றன. அதனால் அகழாய்வில் வரும் எலும்புகளில் பெரும்பாலானவை வெறும் சில்லுகள்தான். எது குதிரை, எது காட்டெருமை, எது மனிதர் என்று எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் சொல்ல முடியாது. சல்லடையில் தங்கியதைப் பையில் போட்டு, எண் எழுதி, எடுத்து வைத்துவிடுவார்கள்.

அப்படி ஒரு பையிலிருந்துதான் டென்னி வந்தாள்.

ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலை மாணவியாக இருந்த சமந்தா பிரௌன், அந்தச் சில்லுகளில் 2,300-க்கும் மேற்பட்டவற்றைச் சோதித்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வேலைக்குச் செல்லாது. ஒவ்வொரு பருக்கையையும் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

பார்க்கும் விதம் இதுதான். எலும்பில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. டிஎன்ஏ சிதைந்த பிறகும் அது தாக்குப்பிடிக்கும். அதை அமினோ அமிலங்கள் கோத்த நீளமான பாசிமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டின் மாலைக்கும் குதிரையின் மாலைக்கும் பெரும்பாலான மணிகள் ஒன்றேதான். அங்கங்கே சில மணிகள் மட்டும் மாறியிருக்கும். எலும்பைத் துளி சுரண்டி, கொலாஜனைப் பிரித்து, டிரிப்சின் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். லைசின், ஆர்ஜினைன் என்ற இரண்டு மணிகள் வரும் இடங்களில் மட்டும் அது மாலையை வெட்டும். வெட்டிய துண்டுகளை நிறை நிறமாலைமானி எடைபோடும். மணி ஒன்று மாறியிருந்தாலும் அந்தத் துண்டின் எடை பெரும்பாலும் மாறிவிடும். ஆக, துண்டுகளின் எடைப் பட்டியலைப் பார்த்தே இது கம்பளி மாமூத், இது குதிரை என்று சொல்லிவிடலாம்.

முதல் சில நூறு சில்லுகளில் ஒன்றுமே தேறவில்லை. 1,227 என்ற எண்ணிட்ட சில்லின் பட்டியல் மனிதக் குடும்பத்தோடு பொருந்தியது. அதுதான் டென்னி. நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர், எடை 2 கிராமுக்கும் குறைவு.

இந்தச் சோதனை அதற்கு மேல் போகாது. நம்முடைய கொலாஜனும், மறைந்துபோன மனிதக் கிளையான நியாண்டர்தாலுடையதும் அந்த எடைப் பட்டியலில் ஒன்றுபோலவே தெரியும். மனிதர்தான், எந்த மனிதர்? அதைக் கேட்க டிஎன்ஏவிடம்தான் போக வேண்டும்.

இதே குகை ஏற்கெனவே ஒரு முறை அதிர்ச்சி கொடுத்திருந்தது. 2008-இல் ஒரு சுண்டுவிரல் நுனி எலும்பு கிடைத்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்வாந்தே பேபோவின் குழு அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்தது. நம்மோடு ஒப்பிட்டால் நியாண்டர்தாலுக்குச் சராசரியாக 202 இடங்களில் எழுத்து மாறியிருக்கும். இந்த விரலுக்கு 385 இடங்களில் மாறியிருந்தது. நம்மவரும் இல்லை, நியாண்டர்தாலும் இல்லை. மண்டை ஓடு கிடைக்காமல், முகம் தெரியாமல், மரபணுவை மட்டும் வைத்து 2010-இல் ஒரு புதிய மனிதக் கிளை அறிவிக்கப்பட்டது. குகையின் பெயரே அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது: டெனிசோவன்கள்.

தொட்டவர் கை, தும்மியவர் மூச்சு, மண்ணிலுள்ள பாக்டீரியா என்று எல்லாவற்றின் டிஎன்ஏவும் எலும்பில் கலந்திருக்குமே, பழையதை எப்படிப் பிரிப்பது என்று கேட்கலாம். சேதத்தை வைத்துத்தான். பழைய டிஎன்ஏ சிறு சிறு நறுக்குகளாக உடைந்திருக்கும். நறுக்குகளின் ஓரத்தில் 'சி' (C) எழுத்து வேதிமாற்றம் அடைந்து, வாசிக்கும் இயந்திரத்துக்கு 'டி' (T) போலத் தெரியும். நேற்று தொட்டவரின் டிஎன்ஏவில் இந்தக் கோளாறு அவ்வளவாக இருக்காது. நல்லபடியாக இருப்பதைச் சந்தேகப்பட்டு, கெட்டுப்போனதை நம்பும் விசித்திரமான துறை இது.

டென்னியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நியாண்டர்தாலுடையது. அது தாய்வழியாக மட்டுமே வரும் என்பதால் அம்மா நியாண்டர்தால். அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே லைப்சிக் நிறுவனத்தின் விவியன் ஸ்லோன், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதியாக வரும் உட்கரு டிஎன்ஏவைப் படித்தபோது, கிட்டத்தட்டச் சரிபாதி டெனிசோவன் என்று வந்தது. ஆய்வகத் தவறோ என்று திரும்பவும் பார்த்தார்கள், அதே விடைதான். கலப்பு பல தலைமுறைக்கு முன் நடந்திருந்தால், குரோமோசோம் நெடுகிலும் இரண்டு பிரதியும் நியாண்டர்தாலாக, இரண்டு பிரதியும் டெனிசோவனாக எனத் திட்டுத் திட்டாக இருந்திருக்கும். இவளிடமோ ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரு பிரதி நியாண்டர்தாலுடையது, மறு பிரதி டெனிசோவனுடையது. அதாவது நேரடிப் பிள்ளை.

2018-இல் வந்தது அந்த ஆய்வு. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, குறைந்தது 13 வயதான பெண். அப்பாவின் பங்கிலும் சில திட்டுகள் நியாண்டர்தாலாக இருந்தன; அவருடைய முன்னோர் வழியிலும் பல நூறு தலைமுறைக்கு முன் ஒரு கலப்பு நடந்திருக்கிறது. மிகச் சில பண்டைய மரபணுத் தொகுப்புகளைப் படித்ததிலேயே இப்படி ஒரு பிள்ளை அகப்படுகிறாள் என்றால், சந்தித்தபோதெல்லாம் இந்தக் கூட்டங்கள் கலந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இவர்களைத் தனித்தனி இனம் என்று எழுத அதனால்தான் கை தயங்குகிறது.

கலந்தவர்களில் நாமும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே எல்லாரிடமும் ஏறக்குறைய 2 விழுக்காடு நியாண்டர்தால் டிஎன்ஏ இருக்கிறது. பப்புவா நியூ கினி மக்களிடம் டெனிசோவன் பங்கு அதைவிடவும் கூடுதல். நம் பக்கத்தில் அது சிறு துளிதான். கோவிட் நோயைக் கடுமையாக்கும் 3-ஆம் குரோமோசோம் பகுதி ஒன்று நியாண்டர்தால் வழி வந்தது. தெற்காசியாவில் சுமார் பாதிப் பேரிடம் அது இருக்கிறது.

டெனிசோவன்களின் முகம் 2025-இல்தான் தெரிந்தது. சீனாவின் ஹார்பினில் 1933-இல் பாலம் கட்டும் தொழிலாளி ஒருவர் ஒரு மண்டை ஓட்டைக் கண்டெடுத்து, ஜப்பானியர் கையில் சிக்காமலிருக்கக் கிணற்றுக்குள் மறைத்து வைத்தார். சாகும் தறுவாயில்தான் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார் என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. 2021-இல் அதற்கு 'டிராகன் மனிதன்' என்று பெயர் சூட்டினார்கள். பல்லிலும் காதெலும்பிலும் தேடி டிஎன்ஏ கிடைக்காமல், கடைசியில் பற்காரையில் கிடைத்தது. பல் மருத்துவர் சுரண்டி எறிவாரே, அதே காரைதான். பார்த்தால், டெனிசோவன்!

இவ்வளவுக்கும் துணை நின்றது குளிர். டெனிசோவா குகையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். நம் வெயிலில் டிஎன்ஏ அவ்வளவு காலம் நிற்காது. திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழு தோண்டி எடுத்த கற்கோடரிகள் 15 லட்சம் ஆண்டு பழையவை. அங்கேயே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் வேறொரு நுட்பம் வந்துவிட்டது. குவார்ட்சைட் கல்லைத் தட்டுவதற்கு முன்பே, உடையப்போகும் சில்லின் வடிவத்தைத் திட்டமிடும் நுட்பம். செய்தவர் யார்? ஒரு மனித எலும்புகூட அங்கே கிடைக்கவில்லை. மனித வகைகள் என்று நாம் வரையும் படத்தில் பாதி, குளிர்ப் பிரதேசங்களின் படம்தான்.

அதனால்தான் புரதத்தின் மேல் எனக்கு நம்பிக்கை. தைவான் அருகே மீன் வலையில் சிக்கிய தாடை எலும்பில் டிஎன்ஏ கிடைக்கவில்லை. ஆனால் அதிலிருந்த புரதங்கள் அது ஒரு டெனிசோவன் ஆண் என்று 2025-இல் காட்டிக்கொடுத்தன. தென்னாப்பிரிக்காவில் 20 லட்சம் ஆண்டு பழைய பற்களின் எனாமலிலிருந்தும் புரதம் எடுத்திருக்கிறார்கள். இரண்டும் பனி பொழியும் ஊர்களல்ல. அதிரம்பாக்கத்தின் மண்ணில் மண்டை ஓடு தேட வேண்டியதில்லை, ஒரு கடைவாய்ப் பல் அகப்பட்டாலும் கேட்டுப் பார்க்கலாம்.